நூற்றிருபதுக்கு எண்பது

கிளட்ச் கருகிய வாடை இந்தப் பட்டறைக்குப் புதிதல்ல. வாரத்துக்கு இரண்டு வண்டியாவது அந்த வாடையோடு வந்து நிற்கும். ஆனால் போன வாரம் உன் தம்பி இளங்கோ தன் லோடு வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, நான் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அந்த வாடை மூக்கில் ஏறியபோது, எனக்கு உன்மேல் கோபம் வந்தது. செத்து நான்கு வருடமான ஒருவன்மேல் காலை பதினோரு மணிக்கு இப்படிக் கோபம் வருமா என்று கேட்காதே. வருகிறது. வாரத்தில் பாதி நாள் வருகிறது.

வாடை மட்டும் காரணமில்லை. இறங்கி வந்த இளங்கோ ஸ்டூலில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மார்கழிக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை. "என்னடா?" என்றேன்.

"வாயுண்ணே. ரெண்டு வாரமா வந்து வந்து போவுது. ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்."

ஆஸ்பத்திரிக்குப் போடா என்றேன். சிரித்தான். "எங்க குடும்பத்துல நெஞ்சு நோவெல்லாம் கெடையாதுண்ணே. அண்ணனுக்கே ரேசுக்கு முன்னால டாக்டர் முழுசா பாத்து ஒண்ணும் இல்லன்னுதானே எழுதிக் குடுத்தாரு. அது திடீர்னு வந்தது. விதி."

டாக்டர் முழுசாகப் பார்த்தார் என்பது நான் சொன்ன பொய். உன்னை எந்த டாக்டரும் தொட்டுப் பார்க்கவில்லை. அது உனக்கும் எனக்கும் கையெழுத்துப் போட்டவருக்கும் மட்டும் தெரியும். அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு உன் தம்பி என் எதிரில் உட்கார்ந்து தோளைத் தேய்க்கிறான். உண்மையைச் சொன்னால் உன் வீட்டில் எனக்கு இனி இடமில்லை. சொல்லாவிட்டால் அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது.

ஆசை என்னுடையதுதான், மறைக்கவில்லை. வளைகுடாவில் பதினோரு வருடம் நான் வேலை பார்த்த பட்டறைக்கு ரேஸ் கார்கள் வரும். டிராக் ரேஸ். வளைவு கிளைவு ஒன்றும் கிடையாது. நேராகக் கால் மைல். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்கு பச்சையானதும் பறக்கும், கண்ணைக் கசக்கிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். நான் நட்டு முடுக்கிய வண்டிகள் எத்தனையோ ஜெயித்தன. ஓட்டியவன் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்வான். அந்தப் படத்தில் நான் ஓரத்தில் பாதி முழங்கையாக இருப்பேன். பிறகு ஒருநாள் என்ஜின் ஒன்று சங்கிலி நழுவி என் இடது முழங்காலில் விழுந்தது. கிளட்சை வேகமாக மிதிக்க முடியாத காலோடு தஞ்சாவூருக்குத் திரும்பி வந்து, வாப்பா விட்டுப்போன இடத்தில் இந்தப் பட்டறையைப் போட்டேன். முதல் வாரமே சேறு வழியும் டிராக்டரோடு நீ வந்தாய். செருப்பில்லாத காலோடு இறங்கி, "கியர் மாத்துனா முனகுது மாப்ள, என்னன்னு கேளு," என்றாய். முன்பின் தெரியாதவனை மாப்ள என்று கூப்பிட்ட முதல் ஆள் நீதான்.

உள்ளூர்க் கார்களுக்கென்று, முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கென்று, வடக்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் வைக்கிறார்கள் என்ற செய்தி என் போனுக்கு வந்தபோது உன்னைத்தான் கூப்பிட்டேன். ரோட்டில் ஓடுகிற சாதாரணக் கார் போதும் என்று போட்டிருந்தது. என்னிடம் பழைய பெட்ரோல் கார் இருந்தது. கால் உன்னிடம் இருந்தது. நீ யோசிக்கவேயில்லை. "எங்க பழகுறது?" என்றுதான் கேட்டாய். கேட்டுவிட்டுப் பதிலையும் நீயே சொன்னாய். "பைபாஸ்ல."

அந்த பைபாஸைப் பற்றி நினைத்தால் உனக்குப் பதிலாக நான் கொதிக்கிறேன். உன் அப்பா பண்ணையாளாக இருந்து, கொடி பிடித்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், கடைசியில் கையில் வாங்கிய மூன்று மா நிலம், மொத்தம் ஒரு ஏக்கர். பட்டாவை அவர் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த நிலத்தின் நட்டநடுவில் ரோடு போனது. எடுத்தது போக, வண்டி திரும்பக்கூட வழியில்லாத ஒரு கோவணத்துண்டு மிஞ்சியது. அதிலும் நீ விடாமல் உளுந்து போட்டாய். நிலத்தைப் பிடுங்க இருந்த அவசரம் ரோட்டைத் திறக்க இல்லை. ஒரு ஆட்சி அடிக்கல் நாட்டியது, ரிப்பனை யார் வெட்டுவது என்று அடுத்த ஆட்சி யோசித்துக்கொண்டிருந்தது, நடுவில் தேர்தல் வந்தது. ரோடு பளபளவென்று சும்மா கிடந்தது. ஊர்ப் பெண்கள் அதில் நெல் காயப்போட்டார்கள்.

நாம் அளவெடுத்த நாள் நினைவிருக்கிறதா? நூறு மீட்டர் டேப்பை நான்கு தடவை இழுத்து, மேலே இரண்டு மீட்டர். மதகில் ஆரம்பித்து மேற்கே போகலாம் என்றேன், அந்தப் பக்கம்தான் தார் நன்றாக இருந்தது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. கிழக்கேதான் போக வேண்டும் என்றாய். முடிவுக் கோடு உன் நிலத்தின் கிழக்கு வரப்பு இருந்த இடத்தில் வருகிற மாதிரி பின்னாலிருந்து அளந்தாய். "கண்டவனெல்லாம் எங்கப்பன் நெலத்து மேல ஓட்டப்போறான் மாப்ள. மொதல்ல நான் ஓட்டிடுறேன்," என்றாய். முதல் தடவை முழு வேகத்தில் ஓட்டி இறங்கியதும் நேரம் என்ன என்று நீ கேட்கவில்லை. "நம்ம நெலம் எத்தன செகண்ட்?" என்று கேட்டாய். கணக்குப் போட்டுச் சொன்னேன், இரண்டு விநாடிக்கும் குறைவு. நீ போய் உளுந்துச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்று நான்தான் காரைப் பட்டறைக்குத் திருப்பி ஓட்டிவந்தேன்.

உன்னைப் பழக்குவதற்குள் என் உயிர் போய்விட்டது. டீசல் சிக்கனம் பார்த்தே வளர்ந்த காது உனக்கு. என்ஜின் கொஞ்சம் சத்தம் கூட்டினால் கை தானாகக் கியருக்குப் போய்விடும். மீட்டரில் சிவப்புக் கோடு வரை முள்ளை ஏறவிடு, அதற்கு முன்னால் கியர் மாற்றாதே என்று தொண்டை கிழியக் கத்துவேன். "கத்துது மாப்ள, பாவமா இருக்கு," என்பாய். காருக்குப் பாவம் பார்த்தவன் நீ. பிறகு அந்த நெல் மூட்டை. ஒரு நாள் டிக்கியைத் திறந்தால் உள்ளே முழு மூட்டை நெல். சக்கரம் வழுக்குகிறது, டிராக்டருக்குப் பின்னால் பாரம் ஏற்றினால் பிடிக்கும், அதனால் ஏற்றினேன் என்றாய். இந்தக் காருக்கு முன்சக்கரம்தானடா இழுக்கிறது, பின்னால் பாரம் வைத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் என்னோடு சண்டை போட்டுவிட்டு, அந்த மூட்டையை பானெட் மேல் கட்டலாமா என்று கேட்டாய். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. நீ பாதியில் சிரிப்பை நிறுத்தி, மார்பில் கை வைத்து, "வாயு" என்றாய். வாயு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் கிளம்புவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. பெரிய பெரிய வண்டிக்காரர்களெல்லாம் பச்சை விளக்கைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்து, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றப் புகைவிடுவதை நான் வளைகுடாவில் பார்த்திருக்கிறேன். நீ அதைச் செய்யவே இல்லை. "சேத்துல முறுக்குனா சக்கரம் குழி பறிக்கும், வண்டி நவுராது," என்று சொல்லி, கிளட்சை உள்ளங்காலால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாய். நடவு வயலில் இருபது வருடம் உழுதவனுக்கு அது யாரும் சொல்லித்தர வேண்டியதாக இல்லை. பழைய இண்டிகேட்டர் பல்புகளைப் பலகையில் வரிசையாகப் பொருத்தி மூன்று மஞ்சள், ஒரு பச்சை என்று நான் விளக்குச் செய்து வைத்திருந்தேன். நீ விளக்கைப் பார்க்காமல் சுவிட்சில் இருந்த என் கட்டைவிரலைப் பார்த்துக் கிளம்பினாய். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. திருட்டுப்பயல்.

அப்புறம் விதிமுறைத் தாள் வந்தது. ஹெல்மெட், முழுக்கை சட்டை, மூடிய ஷூ. மற்றதெல்லாம் சரி, ஷூ என்றதும் உனக்கு முகம் மாறிவிட்டது. நீ வெறுங்காலில் ஓட்டுகிறவன். கிளட்ச் எந்த இடத்தில் கவ்வுகிறது என்பது உன் உள்ளங்காலுக்குத்தான் தெரியும். கான்வாஸ் ஷூ வாங்கிக்கொடுத்தேன். போட்டுக்கொண்டு கிளம்பினாய். முதல் நாளே கிளட்சைக் கருக்கினாய், பைபாஸ் முழுக்க இதே வாடை. நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நம்மைத் திட்டினார்கள். நீ இறங்கி ஷூவைக் கழற்றி வாய்க்காலில் வீசினாய்.

"எங்கப்பன் பண்ணையாரு தெருவுல செருப்பக் கையில தூக்கிட்டு நடந்தாரு. அப்ப போடாதேன்னான். இப்ப போட்டாத்தான் உள்ள விடுவேங்குறான். என் காலு மேல எத்தன பேருக்குடா அதிகாரம்?"

என்னைப் பார்த்துத்தான் கத்தினாய், ஏதோ விதிமுறையை நான் எழுதியதுபோல. நானும் பதிலுக்குக் கத்தினேன். பிறகு வாய்க்காலில் இறங்கி ஷூவை எடுத்து வந்ததும் நான்தான், முழங்கால் வலியோடு. பட்டறையில் அதன் அடியை உளியால் சீவிச் சீவி மெலிதாக்கிக் கொடுத்தேன். "இப்ப தெரியுது மாப்ள," என்று குழந்தை மாதிரி கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்தாய். அந்த ஷூவைப் பழக மட்டும் உனக்கு மூன்று வாரம் பிடித்தது.

காரை நாம் எப்படிப் பார்த்தோம் என்று யோசித்துப் பார். பேட்டரி ஆடாமல் இரும்புப் பட்டை அடித்தோம். பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றிப் பாரம் குறைத்தோம். பிரேக் எண்ணெய் மாற்றினோம், காற்று இருக்குமோ என்று திரும்பவும் மாற்றினோம். சக்கர நட்டு ஒவ்வொன்றையும் நான் முடுக்கியபின் நீ முடுக்குவாய், நீ முடுக்கியபின் நான் சந்தேகப்படுவேன். ஆக்சிலேட்டர் ஸ்பிரிங் சரியாகத் திரும்புகிறதா என்று நூறு தடவை விரலால் தட்டிப் பார்த்திருப்போம். ஓட்டுகிறவனுக்கென்று அந்தத் தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. மருத்துவத் தகுதிச் சான்று.

அந்தச் சான்றை நான் எப்படி வாங்கினேன் என்பது உனக்குத் தெரியும். டவுனில் லைசென்சுக்கு எல்லாரும் கையெழுத்து வாங்குகிற டாக்டர். அவர் கார் என் பட்டறைக்குத்தான் வரும். நீ கூலிக்கு அறுவடை மெஷின் ஓட்டத் திருவாரூர்ப் பக்கம் போயிருந்தாய். நான் தாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். டீ வரவழைத்தார். "ஆளு எப்படி பாய்?" என்றார். "கல்லு மாதிரி இருப்பாரு டாக்டர்," என்றேன். ரத்த அழுத்தம் என்ற இடத்தில் நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதினார். நாடித்துடிப்பு, இதயம், கண் எல்லாவற்றுக்கும் எதிரில் சரி, சரி, சரி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இந்த ஊரில் யாரும் அதைத் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆள் வராமலே காரியம் முடிந்தது என்று பெருமையாகத்தான் சொல்வார்கள். நானும் பெருமையாகத்தான் உன்னிடம் காட்டினேன். நீ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "என் பிரஷர் என்னன்னு எனக்கே தெரியாது. அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாரு," என்றாய்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே, கிறுக்கா! மூன்று மாதமாக வலிக்கிறது என்று உனக்குத் தெரியும். பெட்டிக்கடையில் உப்புப் போட்ட சோடாவை வாங்கி வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டாய், கடைக்காரர் பிற்பாடுதான் எனக்குச் சொன்னார். ஏப்பம் விட்டுவிட்டு இப்ப தேவல என்றாய். அறுவடைக்குப் போகமுடியாமல் ஆகிவிடும் என்று பயந்தாயா, ரேஸ் போய்விடும் என்று பயந்தாயா? எந்தப் பயமானாலும் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா? காரில் ஒரு சின்ன முனகல் கேட்டால் விடியற்காலையில் போன் செய்வாயே, உன் நெஞ்சில் கேட்டதை எவனிடம் சொல்வதாக இருந்தாய்?

ரேசுக்கு ஒன்பது நாள் இருந்தது. யாரோ ஒருவர் வயலில் அறுவடை மெஷினிலிருந்து இறங்கி, வாயு பிடிக்குது, ஒரு சோடா வாங்கியா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, மெஷின் நிழலில் உட்கார்ந்தாய். அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நேற்றைக்கு வந்த அடைப்பில்லை, முன்னாலேயே ஒரு ஈசிஜி எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடும் என்றார். வெளியே வராந்தாவில் மலர்க்கொடி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உன் மனைவி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அண்ணே, ரேசுக்குன்னு டாக்டர் பாத்தாருல்ல? அப்ப ஒண்ணும் இல்லையா?"

"பாத்தாரும்மா. முழுசா பாத்தாரு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

நாக்கு தானாகச் சொன்னது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாகப் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த எல்லாரிடமும் அவள் அதைத்தான் சொன்னாள். டாக்டரே பாத்து ஒண்ணும் இல்லன்னாரு, யாரு மேல குத்தம் சொல்றது என்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்னை உட்காரவைத்து இலை போட்டாள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கையெழுத்துப் போட்ட டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன், அதையும் கேள். கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கல்லு மாதிரி இருப்பாருன்னு நீங்கதானே பாய் சொன்னீங்க?" என்றார். சாத்திய கதவை நானே திறந்துகொண்டு வெளியே வந்தேன். இன்றுவரை அவர் கார் என் பட்டறைக்குத்தான் வருகிறது. நானும் எண்ணெய் மாற்றிக்கொடுக்கிறேன். இதற்கு என்னை நீ என்ன திட்டினாலும் தகும்.

ரோட்டைப் பிறகு திறந்தார்கள். மேளம், மாலை, வரிசையாகக் கொடி கட்டிய கார்கள். முதலில் ஓட்டியவன் நீதான் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. உன் உளுந்துத் துண்டில் வரவேற்புத் தட்டி நட்டிருந்தார்கள்.

இனி இளங்கோவிடம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அவன் சோடா வாங்கக் கிளம்பினான். நான் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். "டேய், உங்கண்ணன எந்த டாக்டரும் பாக்கல. அவன் அந்தப் பக்கமே போவல. நான்தான் போயி டீ குடிச்சிட்டு கையெழுத்து வாங்கிட்டு வந்தேன்."

அவனுக்குப் புரிய நேரமானது. "என்னண்ணே சொல்றீங்க?"

"நெஞ்சுல வலி இருந்துச்சு அவனுக்கு. மூணு மாசம். ஒன்ன மாதிரியே வாயுன்னுதான் சொன்னான். எழுந்திரு."

எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் தேவலையாக இருந்திருக்கும். "அண்ணிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். "நீங்களே சொல்லிடுங்க," என்றான். வாசலில் சாவியோடு நின்ற யாரோ ஒரு கஸ்டமரின் காரில் அவனை ஏற்றி, கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் முழங்கால் தெறிக்க, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஈசிஜி தாளைப் பார்த்ததுமே அவனைப் படுக்கவைத்துவிட்டார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு. மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். இப்போது வார்டில் படுத்துக்கொண்டு லோடு வண்டிக்கு புது கிளட்ச் போட்டாச்சா என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக் கேட்கிறான்.

மலர்க்கொடி அங்கன்வாடியிலிருந்து அப்படியே ஓடி வந்தாள், கையில் சாக்பீஸ் தூளோடு. இளங்கோவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவளிடம் நின்றபடியே சொன்னேன். டீ, கையெழுத்து, நூற்றிருபதுக்கு எண்பது, எல்லாம். அவள் அழுவாள், சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அவருக்கு வலிச்சிருக்கும்ல?" என்று கேட்டாள். "எத்தன நாளு?"

"மூணு மாசமாவது இருக்கும்மா."

"பட்டுனு போயிட்டாரு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு நாலு வருசமா நெனச்சிட்டு இருந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. "இளங்கோவ நாங்க பாத்துக்குறோம்," என்றாள். "நீங்க போங்க பாய்."

ஊரே என்னை பாய் என்றுதான் கூப்பிடும். உன் வீட்டில் மட்டும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. படியிறங்கி வந்து அந்தக் கஸ்டமரின் காரைப் பட்டறைக்குத் திருப்பி ஓட்டிவந்தேன்.

அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தது அதைத்தான். அதைச் சொல்ல இன்னொரு நாள் போவேன், கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும். இப்போதைக்கு உன்னிடம்தான் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததே என்றாலும். கடைசியாகப் பழகிய அன்று சாயங்காலம், நீ காரை விட்டு இறங்கி மதகில் உட்கார்ந்து, "இன்னக்கிப் போதும் மாப்ள, முடியல," என்றாய். முடியல என்று அதுவரை உன் வாயில் நான் கேட்டதே இல்லை. உன் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். வாயு என்று நினைத்தேன் என முன்னால் சொன்னது அன்றைக்குப் பொருந்தாது. அன்று பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான், "ஒரே ஒரு தடவடா, எனக்காக," என்றேன். நீ எழுந்தாய். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாய். அதுதான் நீ ஓட்டியதிலேயே சிறந்த ஓட்டம். பதினேழு புள்ளி இரண்டு விநாடி. முடிவுக் கோட்டைத் தாண்டி, உன் நிலத்தையும் தாண்டிப் போய் காரை நிறுத்தினாய். கதவு திறக்க நேரமானது. நான் நொண்டிக்கொண்டு உன்னை நோக்கி ஓடி வந்தேன், கத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கையிலிருந்த ஸ்டாப்வாட்சை மட்டும் பார்த்துக்கொண்டு.